இரண்டு பக்கமும் கரை வைத்த கன்ட்ரோலர்

சண்டை கேம் ஆட எனக்கென்று ஒரு கன்ட்ரோலர் செய்துகொண்டிருக்கிறேன். ஜாய்ஸ்டிக் கிடையாது, முழுக்க பட்டன்தான். நகரவும் குதிக்கவும் இடது கைக்கு நாலு. அடிக்கவும் உதைக்கவும் வலது கைக்கு எட்டு.

மேல் மூடியை அக்ரிலிக்கில் வெட்ட, பிள்ளையார்பாளையத்தில் புடவை டிசைன் போடும் அண்ணனிடம் வரைபடத்தைக் கொடுத்திருந்தேன். அவரிடம்தான் லேசர் மிஷின் இருக்கிறது.

இன்று போய் வாங்கினேன். இடது பக்கமும் எட்டு ஓட்டை.

“இன்னாண்ணா இது?”

“ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் எட்டு போட்டிருந்தியேமா. மறந்துட்ட போலன்னு நானே ரெண்டு கரையும் ஒண்ணாக்கிட்டேன்.”

“ஏண்ணா, ஒரு பக்கம் மட்டும் பெரிய கரை வெச்சு புடவை நெய்யறதில்லையா?”

“அது பார்ட்டி கேட்டாத்தான். நீ கேக்கலியே?”

கேட்கவில்லைதான். வரைந்தே கொடுத்திருந்தேன். மூடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் தறியை விட்டு எழுந்து வந்த அம்மா, மூடியையும் போனில் இருந்த வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதான் லட்சணமா இருக்குது. அது பாதியில வுட்டாப்ல இருக்குது.”

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் போட்டி. வேறு மூடி வெட்ட நேரமில்லை. இப்போது என் வரைபடத்தைப் பார்த்தால் எனக்கே ஏதோ விட்டுப்போனது போலத் தெரிகிறது. யார் செய்தது தப்பு என்றே புரியவில்லை.

மீதி நாலு ஓட்டைக்கு என்ன வேலை கொடுக்கலாம், சொல்லுங்கள். முந்தானை எங்கே என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.