சவரியப்பன் சாய்த்துப் பார்த்த டம்ளர்

சவரியப்பன் பால் கம்பெனியில் மோர்ப் பிரிவு சூப்பர்வைசர். அன்றன்றைய சரக்கில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி ஊற்றி வைப்பார். மறுநாள் காலை டம்ளரைச் சாய்ப்பார். உறைந்திருந்தால்தான் கையெழுத்து. இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான்.

போன வருஷம், மோர் மூன்று மாதம் கெடாமல் இருக்க வேண்டுமென்று, புளித்த மோரை மறுபடி சூடாக்கச் சொன்னார்கள். பாக்கெட்டில் 'கோடிக்கணக்கான உயிருள்ள நுண்ணுயிரிகள்' என்ற எழுத்து மட்டும் மாறவில்லை. பூச்சு பூசிய நுண்ணுயிரிகள், சூடு தாங்கும் என்றார் மேனேஜர் குணசேகரன்.

சவரியப்பன் மகளுக்குப் போன் போட்டார். சென்னையில் ஷீபாவுக்கு அதுதான் வேலை: வயிற்றில் சாகாமல் குடல் போய்ச் சேர, நுண்ணுயிரிகளைக் கடற்பாசிக் கூழில் பொதிவது.

"பூச்சு சூடு தாங்குமா பாப்பா?"

"வயித்து அமிலத்தைத் தாங்கும்ப்பா. எண்பது டிகிரியில அத்தனையும் செத்துரும்."

"அதான் பாத்தேன். டம்ளர்ல பால் பாலாவே கெடக்கு."

அவர் கையெழுத்துப் போடவில்லை. சரக்கைக் கெடுத்தார் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். கூட வேலை பார்த்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரும் நம்பியது. ஐம்பத்தெட்டு வயதில் வலங்கைமான் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் ஏழு மாதம் மூட்டை தூக்கினார். அங்கேயே மார்வலி வந்து விழுந்து இறந்தார்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின மாலை, வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி கம்பெனி இரண்டு பெட்டி மோர் அனுப்பியது. ஷீபா வாங்கி வைத்தாள்.

மறுநாள் பந்தலில் பந்தி நடக்கும்போது குணசேகரன் மாலையோடு வந்தார்.

"மோர் குடுக்கலையாம்மா?"

"இருங்க சார்." இரண்டு டம்ளர்களை எடுத்து வந்தாள். "நேத்து சாயங்காலம் பால்ல ஊத்தி வச்சது. இது எங்க வீட்டுத் தயிர்." சாய்த்தாள். அசையவில்லை. "இது உங்க உயிருள்ள மோர்." சாய்த்தாள். பால் வழிந்து அவர் செருப்பை நனைத்தது.

"துக்க வீட்ல இதெல்லாம் நல்லா இல்லம்மா."

"துக்கத்தைக் குடுத்தது யாரு சார்?"

பந்தியில் துரைராசு உட்கார்ந்திருந்தார். சவரியப்பனோடு பதினைந்து வருஷம் மோர்ப் பிரிவில் இருந்தவர். ஷீபா அவர் இலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க சொல்லுங்க மாமா. சரக்கைக் கெடுத்தது எங்கப்பாவா?"

பந்தி முழுக்கக் கை நின்றது.

"இல்லம்மா," என்றார் துரைராசு, இலையைப் பார்த்தபடி. "சூடு பண்ணச் சொன்னது இவருதான்."

"இப்ப சொல்றீங்க. எட்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா அவரு காதுல விழுந்திருக்கும் மாமா."