பிள்ளையாருக்காகத் தாழ்ந்த பிக்கப்

ஊர்வலத்தில் பிள்ளையார் தலை கரண்ட் ஒயரில் இடிக்குமாம். தெரு இளவட்டங்கள் கெஞ்சியதால், அவரை ஏற்றும் என் பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டைகளில் சிலதைச் சித்தூர் மெக்கானிக்கிடம் கழற்றச் சொல்லி வண்டியைத் தாழ்த்தினேன்.

இன்று பிள்ளையார் ஒயருக்குக் கீழே சுகமாகப் போய்விட்டார். ஆனால் சீரியல் லைட்டுக்காகப் பின்னால் மாட்டிய ஜெனரேட்டர் டிரெய்லரின் பாரத்தில் வண்டி குந்திவிட்டது. காணிப்பாக்கம் ரோட்டு ஸ்பீட் பிரேக்கரில் இடித்து, டிரெய்லரை இழுக்கும் கொக்கியே பிய்ந்துபோனது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"எறக்கச் சொன்ன, எறக்கினேன். ஜெனரேட்டர இழுத்துக்கினு போவேன்னு சொன்னியா நைனா?"

நாளை தக்காளி லோடு ஏற்ற வேண்டிய வண்டி நடுரோட்டில் நிற்கிறது. இளவட்டங்களோ குஷியாக இருக்கிறார்கள்.

"ஒயரு இடிக்கவே இல்ல பாத்தியாண்ணா! வர்ற வருஷம் இன்னும் ரெண்டடி ஒசரமா வச்சிக்கலாம்."

இனி கழற்றுவதற்குச் சக்கரம்தான் பாக்கி. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.