குடிமைக்கு ஜெர்மன் சொல்

முதல் தடவை வாய்மொழிச் சோதனையில் ஒரு சொல் என்னைக் கவிழ்த்தது. ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டே, நாற்பது வயதில் மாலைப் பள்ளிக்குப் போனேன். வரலாற்றில் ‘ஃப்ரோன்டீன்ஸ்ட்’ பற்றிக் கேட்டார்கள். மன்னர் அதை ஏன் குறைத்தார் என்று. அந்தப் பாடம் நடந்த கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. நாங்கள் கத்தோலிக்கர். ‘ஃப்ரோன்லைக்னாம்’ என்றால் நற்கருணைப் பவனி, ஊருக்கே விடுமுறை. இதுவும் பவனிக்குப் பூக்கட்டிப் பந்தல் போடும் திருப்பணிதான் என்று நினைத்து, குடியானவர்கள் அதை மகிழ்ச்சியோடு செய்தார்கள் என்று அளந்துவிட்டேன். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரே ஒரு தடவைதான் தருவார்கள். தேறினால் ஆசிரியப் படிப்பு, இல்லாவிட்டால் சாகும்வரை அந்தச் சமையலறை.

உட்கார்ந்து படித்தேன். ஃப்ரோன்டீன்ஸ்ட் என்றால், குடியானவன் தன் வயலை விட்டுவிட்டு, கிழமையில் இத்தனை நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். படித்த மன்னர் ஒருவர் அந்த நாட்களைக் குறைக்கச் சொல்லிக் கட்டளை போடுகிறார். பிரபுக்களோ பரம்பரை வழக்கம் என்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான். இதற்குத் தமிழில் சொல் தேடி அகராதியைப் புரட்டிய மடைச்சி நான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குடிமை.

யாழ்ப்பாணத்தில் ஒரு காணிக்காரக் குடும்பத்துக்கு நாங்கள் தலைமுறையாகக் குடிமை செய்தவர்கள். அவர்கள் வீட்டில் கலியாணமோ சாவோ, சொல்லி அனுப்பினால் நாங்கள் கூலி கேளாமல் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். கடல் கடந்தால் தீரும் என்று நினைத்தோம். அவர்களும் எசனுக்குத்தான் வந்தார்கள். பிறகு ஒவ்வொரு விசேடத்துக்கும் தொலைபேசி அடிக்கும், நானும் வெட்கங்கெட்டுப் போவேன்.

இரண்டாவது சோதனைக்கு முந்தின நாளும் அடித்தது. பேசியது அந்த வீட்டு அக்கா. இறந்துபோன அவருடைய மாமியாருக்கு மறுநாள் முப்பத்தோராம் நாள் காரியம், மண்டபத்தில் சாப்பாடு.

“வெளியாக்களைக் கேக்கேலாது. உரிமையோடை உன்னைக் கேக்கிறன். காலமையே வந்திடு.”

சோதனை இருக்கிறது என்றேன். சோதனையை இன்னொரு நாள் எடுக்கலாம்தானே என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். எழுபது வயது அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். யாருமே போகத் தேவையில்லை என்று அவரிடம் கத்தினேன், கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன்.

“ஒருத்தரும் போகாட்டில் அவையின்ரை முகத்திலை முழிக்கேலாது, பிள்ளை. நீ சோதனைக்குப் போ. நான் போறன்.”

காலையில் ஒரே டிராமில் ஏறினோம். மண்டபத் தரிப்பில் அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். நானும் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை.

கேள்வி மறுபடியும் ஃப்ரோன்டீன்ஸ்டில்தான் வந்தது. இந்த முறை தடுமாறாமல் சொன்னேன். கடைசியாக, குறித்த நாளில் குடியானவனால் வர முடியாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார்கள்.

“வீட்டிலிருந்து வேறொருவரை அனுப்ப வேண்டும்” என்றேன்.

மிகச் சரி என்று எழுதிக்கொண்டார்கள். அந்த நேரம் அம்மா மண்டபத்தின் பின்புறம் குனிந்து நின்று சோறு சமைத்த கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.