மதினி என்றான் என் மகன்

அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரு புரளி. எங்கோ அணை கட்டுகிறார்களாம், சுவர் நிற்க மாட்டேன் என்கிறதாம், பிள்ளை பலி கேட்கிறதாம். மிட்டாயில் மயக்க மருந்து வைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம். திண்டுக்கல் வட்டாரமே நம்பியது. நானும்தான் நம்பினேன். பொழுது சாய்ந்தால் மகனைத் தெருவில் விடமாட்டேன்.

அப்படி ஒரு நாள் பிறந்த வீட்டிலிருந்து திரும்ப, வடமதுரையில் பஸ் ஏறினேன். கூட நாலு வயது மகன் மட்டும். அவன் அப்பாவைக் கொண்டு நல்ல சிவப்பு, நானோ அட்டக் கறுப்பு. தூக்கத்துக்குச் சிணுங்கினான். கடலைமிட்டாய் ஒன்று கொடுத்தேன். தின்றவன் என் மடியிலேயே தூங்கிப்போனான்.

எதிர் சீட்டில் தன் மகளோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பின்னால் திரும்பி ஏதோ முணுமுணுத்தாள். தலைப்பாகை கட்டிய ஒருவர் எழுந்து வந்து பையனைத் தட்டி எழுப்பினார்.

"ஏலே அப்பு, இது யாரு ஒனக்கு?"

"மதினி."

"ஒங்கம்மா எங்கலே?"

"அம்மா வீட்ல இருக்கு."

எங்களுடையது கூட்டுக் குடும்பம். கொழுந்தன்மார் மூன்று பேரும் என்னை மதினி என்பார்கள், மாமியாரை அம்மா என்பார்கள். கேட்டு வளர்ந்த பையன் அப்படியே பிடித்துக்கொண்டான். இதைச் சொல்ல வாயெடுத்தேன், யார் கேட்டார்கள்?

"கதையப் பாரு கதைய!" என்று எதிர் சீட்டுக்காரி என் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள். பெற்றவள் கையிலிருந்து பிடுங்கினாள்! கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். "நேரா போலீஸ் ஸ்டேசனுக்கு விடுங்க" என்றார் ஒருவர். "இங்கனயே ரெண்டு போடு" என்றார் இன்னொருவர். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கெட்ட முகம் என்று ஒன்றுகூட அங்கே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயம்.

பையன் அலறினான். "மதினி, மதினி" என்று அவன் கை நீட்ட நீட்ட, அவர்களுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. என் பிள்ளை எனக்கு இல்லை என்றே நினைத்துவிட்டேன்.

தன் தாய் மடியில் வேறு பிள்ளை இருப்பது அந்த எதிர் சீட்டுக்காரியின் மகளுக்குப் பொறுக்கவில்லை. அவன் காலைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அவன எறக்கி விடு! எறக்கி விடுக்கா!"

தலைப்பாகைக்காரர் திரும்பினார். "ஏத்தா, இது யாரு பிள்ள?"

"எம் பிள்ளதாண்ணே. எந்தம்பிக அக்கா அக்கான்னு கூப்பிடுறதக் கேட்டு இவளும்..." என்றவள் பாதியில் நின்றுவிட்டாள்.

அவள் பையனை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைப்பாகைக்காரர் தன் இடத்துக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார், வண்டி கிளம்பியது. தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை எவர் வாயிலிருந்தும் வரவில்லை.

அவனை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேம்பல் அடங்கியதும், எதிர் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் என் காதுக்குள் கேட்டான்.

"இனிமே ஒன்னைய என்னன்னு கூப்பிடணும்?"