உங்களில் ஒருத்திதான் சொன்னாள்

செங்கல்பட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டு என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டுதான். கடை திறக்குமுன், காலையில், நாங்கள் சிலர் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரில் கூடுவோம். தொழிற்சங்கத்து அக்கா ஒருவர் வேலைச் சட்டங்களைச் சொல்லிக்கொடுப்பார். முடிந்ததும் ரயில் பிடித்துக் கடைக்குப் போவோம்.

கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருப்பதை அங்கேதான் கேட்டேன். நம்பவில்லை.

"சட்டம் கீதுன்னா எங்க கடையில ஏன் ஒரு ஸ்டூல்கூட இல்ல?"

"யாரும் கேக்கல, அதான்" என்றார் அக்கா. இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று உள்ளுக்குள் ஓடியது.

ஒருநாள் மேனேஜர் என்னை கேபினுக்குக் கூப்பிட்டார். "காலைல கிளாஸுக்குப் போய்கினு கீறியாமே? உங்க ஆளுங்கள்ல ஒருத்திதான் சொன்னா" என்று சிரித்தார். கடப்பாக்கத்திலிருந்து வந்து ஊரப்பாக்கத்தில் தங்கி, கடையிலும் வகுப்பிலும் புதிதாகச் சேர்ந்தவளின் பேரைச் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அவள் மீன்காரக் குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். அவளும் கேபினிலிருந்து வெளியே வருவதை நான் பார்த்திருந்தேன். அதன்பின் அவள் டிபன் பாக்ஸோடு வந்தால் பேச்சை மாற்றினேன். வகுப்பில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனைத் தொடுகிறாளா என்று கவனித்தேன். கடைசியில் ரயிலில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"மேனேஜர்கிட்ட நீதான சொன்ன?"

"இன்னா பேசுற? நீதான் போட்டுக் குடுத்தேன்னு என்னாண்ட சொன்னாரு. அதான் உன்கிட்ட நான் வாயே தொறக்கறதில்ல."

தயாராக வைத்திருந்த பதிலோ என்றுதான் அப்போதும் பட்டது. அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பிறகு பில் போடுகிறவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "என்கிட்டயும் சொன்னாரு. ஆனா அக்கா பேரை."

ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு பேர்.

"அப்ப என்னையும் சந்தேகப்பட்டுகினுதான் உக்காந்திருந்தீங்களா?" என்று அக்கா கேட்டார்.

கடப்பாக்கத்துக்காரிதான் சொன்னாள், "இனிமே யாரைக் கூப்டாலும் எல்லாரும் உள்ள போவோம்."

அப்படியே போனோம். ஒருத்தியைக் கூப்பிட்ட மேனேஜர், கதவு நிறைய எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"கடை நேரத்துல இன்னா கும்பல்?"

"உக்கார ஸ்டூல் வேணும் சார். சட்டத்துல கீது" என்றேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாக எங்களை அனுப்பினார்.

சில நாளில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. யாரும் உட்காரவில்லை. தலைக்கு மேலே கேமரா. முதலில் உட்காருகிறவள் யார் என்று பார்க்கத்தான் போட்டிருப்பார்களோ?

கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் கடப்பாக்கத்துக்காரி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாடி" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கெண்டைக்கால் தானாகத் துடித்தது. மேனேஜர் எங்களைக் கடந்து போனார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் வகுப்பு நடப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை தெரியாது. வகுப்புக்குப் புதிதாக யாராவது வந்தால், அவளை யார் கூட்டிவந்தது என்றுதான் முதலில் கேட்கிறோம்.