பழைய பைனாகுலரில் பிறை தேடிய மாலை

பேருந்து ஜன்னலில் மகளைத் தலை சாய்க்கக்கூட விடாதவள் நான். அப்படிப்பட்ட நானே ஒருநாள் அவள் கண்ணுக்கு ஆபத்து தேடினேன்.

நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் நச்சரித்ததால், உத்திரமேரூர் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் பாயிடம் அந்தக் காலத்து பைனாகுலர் ஒன்று வாங்கினேன். அன்று மூன்றாம் பிறை. அதில் முதன்முதலாகப் பிறையைப் பார்த்தால் நல்லது என்று தோன்றியது. கடை வாசலில் நின்று மேற்கே காட்டி, "சூரியனுக்குப் பக்கத்துலதான் இருக்கும், தேடுடி" என்றேன். அவளும் பைனாகுலரைக் கண்ணருகே தூக்கினாள்.

"வைக்காத, வைக்காத!" உள்ளேயிருந்து ஓடிவந்த பாய், அதன் முன்கண்ணாடிகளை உள்ளங்கைகளால் மூடினார். "இன்னாம்மா நீ! சூரியன் இன்னும் எறங்கவே இல்ல. இதுல பார்த்தா கண்ணே பூடும்!"

மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"நாங்களும் நோன்புக்குப் பிறை பாக்கறவங்கதாம்மா. சூரியன் மறையட்டும், அது எங்க ஓடிடப் போவுது?" என்று டீ வரவழைத்தார்.

"மாமா, எங்கம்மா எனக்கு டீயைக்கூட ஊதித்தான் தருவாங்க" என்று மகள் போட்டுக்கொடுத்தாள்.

சூரியன் முழுவதும் மறைந்தபின் பாய் முதலில் பார்த்துவிட்டு அவளிடம் தந்தார். கொஞ்ச நேரம் தேடினாள்.

"அம்மா, மாட்டிக்கிச்சு! எவ்ளோ மெல்லிசா கீது!"

நான் பிறையைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் காப்பது என் ஒருத்தியின் வேலை மட்டுமல்ல என்று அன்றுதான் புரிந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.