கம்மாபுரத்துப் புல்வெளியில் கவுதாரியைக் கூப்பிட்ட காலை

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலரை மணிக்குக் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பது ரூபாய். மடியில் கேமரா பை. கேமரா என்னுடையது இல்லை பிள்ளைகளே, காலேஜில் படிக்கும் என் மகளுடையது. "லென்ஸ்ல கை வைக்காதீங்கப்பா" என்று நாலு தடவை சொல்லித்தான் கொடுத்தாள்.

சிதம்பரத்தில் இறங்கியபோது ஆறு மணி ஆகவில்லை. என் மச்சான் கலியமூர்த்தி பைக்கோடு நின்றிருந்தார். என் மனைவிக்கு அண்ணன். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டு, திருப்பூரில் இருக்கும் மகனோடு தங்கப் போகிறார். போவதற்குள் ஒரு கவுதாரியைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் என்னை வரச் சொன்னார்.

புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக அவர்கள் ஊரான கம்மாபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பில் டீ குடித்தோம். ஒரு டீ பதினைந்து ரூபாய்.

"மச்சான், உங்க கல்யாணத்துக்கு எத்தன கவுதாரி அடிச்சோம், ஞாபகம் இருக்குதா?" என்றார்.

"தின்னவனக் கேட்டா எப்படித் தெரியும்? புடிச்சவருதான் சொல்லணும்."

அது அவர்கள் வீட்டு வழக்கம். புது மாப்பிள்ளை வந்து தங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை, மச்சான்மார் கவுதாரி பிடித்து வந்து குழம்பு வைத்துப் போட வேண்டும். கோழி வாங்கிப் போட்டால் கேவலம். கவுதாரி என்பது கோழியைவிடச் சின்னதாக, சாம்பலும் பழுப்புமாகக் கோடு போட்ட, புல்லுக்குள் ஓடும் பறவை. கலியமூர்த்தி முள்ளுச்செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகில் குவித்து அதன் குரலில் கூப்பிடுவார். தன் இடத்துக்குள் வேறொரு சேவல் வந்துவிட்டது என்று நினைத்து நிஜக் கவுதாரி பதில் கொடுக்கும். கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு ஓடி வரும். வழியில் கண்ணி இருக்கும். பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து வயதில் அவர்களோடு அந்த வெளியில் பனிப்புல் கால் நனைக்க ஓடியதும், சிரித்ததும், யாரோ ஒருவன் வேட்டியை முள்ளில் விட்டுவிட்டு வந்ததும் இன்றும் எனக்கு இனிக்கிறது. அதை இல்லை என்று சொன்னால் பொய்.

ஏழேகால் மணிக்கு ஊர் தாண்டி வண்டியை நிறுத்தினோம். காய்ந்த புல் முழங்கால் உயரம். தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடு மலை மாதிரி தெரிந்தது. மின்கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. படம் எடுக்கப் போனேன். பறந்தபோது இறக்கையில் நீலம் பளிச்சென்று விரிந்தது. கிடைத்த படத்தில் கம்பி மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

மணல் தடத்தில் நடந்தோம். ஒரு ஆள்காட்டிக் குருவி எங்களைத் திட்டிக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. முள்ளுச்செடி வந்ததும் கலியமூர்த்தி நின்றார்.

"எட்டு வருஷமாச்சு மச்சான், நான் ஒண்ணப் பாத்து. ஒருவேள நாங்களே எல்லாத்தையும் தின்னு தீத்துட்டோமா? அதான் எனக்கு உறுத்துது. ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும், நிம்மதியா பஸ் ஏறிடுவேன்."

குந்தினார். கையைக் குவித்துக் கூப்பிட்டார். அதே குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. காற்றுதான் கேட்டது. மறுபடி கூப்பிட்டார்.

வேலிக்காத்தான் புதர்ப் பக்கமிருந்து பதில் வந்தது!

அவர் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அறுபது வயது மனிதர் முழங்காலால் ஊர்ந்தார். நான் கேமராவோடு பின்னால். இவர் கூப்பிட, அது பதில் சொல்ல, கிட்டே கிட்டே வந்தது. புதரை விலக்கினார்.

தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள், கழுத்தில் கேமராவோடு, எங்களைப் போலவே முட்டி போட்டு நின்றிருந்தார்.

வாயருகில் குவித்த கையை இருவரும் இறக்கினார்கள்.

"அண்ணே... நீங்களா கவுதாரி?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். பஸ் கண்டக்டராம், பக்கத்து ஊராம். லீவு நாளில் பறவைப் படம் எடுப்பாராம்.

"வாராவாரம் வந்து கூப்புடுறேன் அண்ணே. இன்னிக்குத்தான் மொத தடவ பதில் வந்துச்சி. ஓடியாந்தேன்."

அந்த வார்த்தையில் கலியமூர்த்தியின் முகம் செத்துப்போனது. "கெளம்பலாம் மச்சான்" என்றார். அவர் முன்னால் நடந்தார், நாங்கள் இருவரும் பின்னால்.

பாதி வழியில் சட்டென்று நின்று, கையை நீட்டி எங்களைத் தடுத்தார். வரும்போது மணலில் அவருடைய செருப்புத் தடம் பதிந்திருந்தது. அந்தத் தடத்துக்கு மேலேயே மூன்று விரல் பதிந்த பறவைக் காலடி ஒன்று குறுக்கே போயிருந்தது. பக்கத்தில் அதே போலச் சின்னச் சின்னதாக நிறைய. ஓரத்தில் கோடு போட்ட ஒரு குட்டி இறகு.

"கவுதாரிதான்" என்று கிசுகிசுத்தார். "குஞ்சுங்களோட. நாம அங்க ஊந்துகிட்டு இருந்தப்ப, முதுகுக்குப் பின்னால தாண்டிப் போயிருக்குது."

கண்டக்டர் பரபரப்பாகக் கையைக் குவித்தார். கலியமூர்த்தி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

"வேணாம் தம்பி. பதில் சொன்னதையெல்லாம்தான் நாங்க புடிச்சிட்டமே. சொல்லாம இருந்ததோட வம்சம் இது. சொல்லாமயே இருக்கட்டும்."

நான் அந்தத் தடத்தைப் படம் எடுத்தேன். இந்தத் தடவை படம் தப்பவில்லை. தடத்தை மிதிக்காமல் மூன்று பேரும் புல்லில் இறங்கிச் சுற்றி வந்தோம்.

மத்தியானம் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பறவைகள் சத்தம் போடும். காக்காய், மைனா, கூண்டுக்கிளி. அதனால் சத்தம் கேட்டால்தான் உயிர் இருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். வழியெல்லாம் வெறும் புல்லாகத் தெரிந்த ஒவ்வோர் இடத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தேன்.